இரண்டு சபுராளிகள்

சபுராளி என்ற சொல்லை உங்களில் பெரும்பாலோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ‘சஃபர்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து நம் முன்னோர் ஆக்கிக்கொண்ட சொல் அது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியவர்களை அப்படி அழைத்தோம். பிறகு வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறியவர்களையும் அப்படியே அழைத்தோம். சபுராளி வீடு என்றால் அலமாரியைத் திறந்ததும் அத்தர் மணக்கும். அந்த வீட்டிலேயே நாட்காட்டியின் தாள்களை எண்ணிக்கொண்டு ஒரு பெண்ணும் இருப்பாள்.

என் அக்காள் வீட்டில் இரண்டு சபுராளிகள். ஒருவர் என் மச்சான். 1996 முதல் 2020 வரை, 24 ஆண்டுகள் சவூதி அரேபியாவின் ஜுபைல் நகரில் உழைத்தவர். மற்றவன் அவருடைய மகன், என் மருமகன். பொறியியல் பட்டப் படிப்பின் ஒரு பகுதியாக ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் ஆறு மாதம் வேலை பார்த்தவன். மகனின் ஆறு மாதத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தந்தையின் 24 ஆண்டுகளை விட்டுவிட்டு அதை எழுத என்னால் முடியவில்லை. அதில் என்னுடைய குற்றமும் ஒன்று கலந்திருக்கிறது.

நான் மதரஸாவில் பாடம் சொல்பவன். அதற்கு முன் கலைக் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். இயந்திரங்களுக்கும் எனக்கும் தையல் மிஷின் அளவுக்குக்கூட உறவு கிடையாது. ஆகவே 2023-ஆம் ஆண்டு, “மாமா, அங்கே படிக்கப் போகிற முதுநிலைப் பட்டத்தில் நான்கு பருவம், அதில் ஒரு பருவம் முழுக்கத் தொழிற்சாலையில் வேலை பார்க்கணும்” என்று மருமகன் சொன்னபோது, எனக்கு அது பிடிக்கவில்லை. படிக்க வந்த பிள்ளையை வேலைக்கு அனுப்புவது என்ன படிப்பு? பாடம் நடத்தச் சோம்பல்பட்டு ஆசிரியர்கள் செய்த ஏற்பாடோ என்றுகூட எண்ணினேன்.

பிறகுதான் விசாரித்தேன். இந்த ஏற்பாடு நூறு ஆண்டுகளைத் தாண்டியது. இங்கிலாந்தில் சன்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரி 1903-இல் இதைத் தொடங்கியது. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக் கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906-இல் 27 மாணவர்களைக் கொண்டு தொடங்கினார். நம் கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஐந்தாண்டு ‘சாண்ட்விச்’ பொறியியல் படிப்பு இருப்பதைப் பலர் அறிவீர்கள். இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு இடையே வைப்பதுபோல் படிப்புக்கு நடுவே வேலையை வைப்பதால் அந்தப் பெயர். ஜெர்மனியில் ‘ஃபாக்ஹோக்ஷூலே’ என்னும் பயன்முறைக் கல்லூரிகளில் பல, தொழிற்சாலைப் பயிற்சியைப் பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கின்றன. ‘ப்ராக்டிகும்’ என்று அதற்குப் பெயர். அதை முடிக்காமல் பட்டம் கிடையாது.

பணத்தின் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இந்தப் பேச்சை எடுத்திருக்கக் கூடும். ஜெர்மனியின் அரசுக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசா வேண்டுமானால், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகையை ‘முடக்கப்பட்ட கணக்கு’ ஒன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். அது யாருக்கும் கொடுத்துவிடும் பணம் அன்று, மாணவனுடைய பணமே. மாதம் இவ்வளவு என்று அளந்து அவனுக்கே திரும்பி வரும். அவன் போன ஆண்டில் 11,208 யூரோ, மாதத்துக்கு 934. நம் ரூபாயில் ஏறக்குறைய 10 லட்சம். 2024 செப்டம்பரில் அதையும் 11,904 ஆக உயர்த்திவிட்டார்கள். இவை தவிர, 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களின் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ‘ஏ.பி.எஸ்.’ சான்றும் கட்டாயம்.

வங்கியில் கல்விக்கடன் கிடைத்திருக்கும். வட்டி வேண்டாம் என்று மச்சான் ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். ஜுபைலில் கணக்கு முடித்து வந்தபோது அவர் கொண்டு வந்த ‘சர்வீஸ்’ பணம் இருந்தது. அங்குள்ள சட்டப்படி முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். வீட்டுக்கு மாடி எடுக்க வைத்திருந்த பணம். அக்காள் தயங்கினாள். “மாடி இல்லாமலும் மழை நம்மை நனைக்கலியே” என்றார் மச்சான். பணம் போயிற்று, பிள்ளையும் 2023 அக்டோபரில் போனான்.

முதல் இரண்டு பருவங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படித்தான், சமைத்தான், தேறினான். வகுப்புகள் ஆங்கிலத்தில்தான். பயிற்சி இடம் தேடத் தொடங்கியபோதுதான் ஆங்கிலம் வாசல் வரைக்கும்தான் வரும் என்பது விளங்கியது. கல்லூரி இடம் பிடித்துத் தராது. மாணவனே நிறுவனங்களுக்கு எழுதி, நேர்முகம் கொடுத்து, ஒப்பந்தம் வாங்கி வர வேண்டும். 2024-இல் ஜெர்மனியின் வாகனத் தொழில் தளர்ந்திருந்த காலம் வேறு. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் அனுப்பினான். பெரும்பாலானவற்றுக்கு ஒரே வாசகத்தில் மறுப்பு. சிலவற்றுக்குப் பதிலே இல்லை.

அந்தக் கோடையில் அக்காள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. மாதம் 934 யூரோவாகக் கரைந்து கணக்கு அடிமட்டத்துக்கு வந்திருந்தது. அக்டோபரில் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பணமோ வருமானமோ காட்ட வேண்டும். பயிற்சி கிடைத்தால் பருவமும் நகரும், மாத உதவித்தொகையும் வரும். கிடைக்காவிட்டால் மறுபடியும் 11,904 யூரோவுக்கு எங்கே போவது? அக்காள் தஹஜ்ஜுதில் அழுதாள். மச்சான் நிலத் தரகரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்ததை என்னிடம் மட்டும் சொன்னார்.

பையன் செய்தது ஒன்று. மாலைகளில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனான். அங்கே ஆங்கிலம் தெரிந்தவர் இல்லை. ஐந்து மாதத்தில் ஜெர்மன் பேச்சு நாவில் உட்கார்ந்துவிட்டது. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும் இடங்கள் அந்த மொழியில் உண்டாம். “அங்கெல்லாம் நம்ம தமிழ் மாதிரியே இருக்கு மாமா” என்பான். ஆனால் மேசைக்கும் நாற்காலிக்கும் ஆண்பால், பெண்பால் என்று பால் பிரிக்கிறார்கள் என்று முறையிடுவான். அரபியில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால் என்று நான் மாணவர்களுக்கு மனப்பாடம் செய்விக்கும்போது அவர்கள் முறையிடுவதும் இப்படித்தான்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் ஒப்பந்தம் வந்தது. ஊரின் பெயர் ஷ்வைன்ஃபுர்ட். பவேரியா மாநிலத்தில் மைன் நதிக்கரையில் உள்ள தொழில் நகரம். பேரிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆறு மாதம். ‘ஷ்வைன்’ என்றால் அந்த மொழியில் பன்றி என்பதைத் தன் நன்னியிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். நானும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அவர் கையில் கிடைக்காதிருக்கப் பிரார்த்திக்கிறேன்.

வரலாறு படித்தவன் என்பதால் ஊரைப் பற்றித் தேடிப் பார்த்தேன். உருண்டையான எஃகுக் குண்டுகளை ஒரே அளவில், ஏராளமாகத் தேய்த்து எடுக்கும் இயந்திரத்தை ஃப்ரீட்ரிக் ஃபிஷர் என்பவர் 1883-இல் அமைத்தது அங்கேதான். இன்று உங்கள் வீட்டு மின்விசிறி முதல் பலவும் சுழல்வதற்கு அந்தக் குண்டுகள் வேண்டும். அதனாலேயே இரண்டாம் உலகப் போரில், 1943 ஆகஸ்டிலும் அக்டோபரிலும், அமெரிக்க விமானங்கள் அந்த ஊரைத் தேடி வந்து குண்டு வீசின.

நான் எதிர்பாராத வேறொன்றும் கிடைத்தது. சந்தைச் சதுக்கத்தில் ஒரு சிலை இருக்கிறது, யார் மாமா இவர் என்று கேட்டுப் படம் அனுப்பியிருந்தான். கீழே பெயரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஃப்ரீட்ரிக் ரூக்கர்ட்! 1788-இல் அந்த ஊரில் பிறந்த கவிஞர். அரபி, பாரசீகம் முதலிய கீழைநாட்டு மொழிகளைக் கற்றுத் தேர்ந்தவர். திருக்குர்ஆனின் பகுதிகளை அவர் ஜெர்மனில் பெயர்த்தது, அவர் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின் 1888-இல் வெளிவந்தது. ஹரீரியின் ‘மகாமாத்’தை 1826-லேயே ஜெர்மனுக்குக் கொண்டு சென்றவரும் அவரே. அரபுக் கல்லூரிகளில் ஓதியவர்களுக்கு அந்த நூலைத் தெரியும். 50 மகாமாக்கள், பலவற்றுக்கும் ஊர்ப் பெயரே தலைப்பு. அதன் நாயகன் அபூ ஸைத் ஊர் ஊராக அலைந்து, சொல்வன்மையால் பிழைப்பவன். பாடம் நடத்தும்போது எத்தனையோ முறை அவனைக் கடிந்திருக்கிறேன். பேரிங் ஊரில் ஹரீரியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் மறுநாள் வகுப்பில் கால்மணி நேரம் அதையே பேசினேன். மாணவர்களுக்கு அது சுவைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வேலை அக்டோபரில் தொடங்கியது. முதல் இரண்டு வாரம் பணிமனையில் வெறும் சுத்தம் செய்தலும், பேரிங்கைக் கழற்றிப் பூட்டுதலுமாம். முதுநிலை மாணவனுக்கு இதுவா வேலை என்று அவனுக்குச் சிணுக்கம். அவனுக்கு மேலே ‘மைஸ்டர்’ ஒருவர். பணிமனையின் தலைமைக் கைவினைஞர், அறுபதை நெருங்கியவர். “கையால் தொடாததைக் கணினியால் அளக்காதே” என்பது அவருடைய கட்சி. வேலைநேரம் தொடங்கும் கணத்தில் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். வாசலில் நிற்பது வந்ததாகாது.

டிசம்பரில் அங்கே சூரியன் காலை 8 மணிக்கு மேல்தான் உதிக்கிறது. மாலை நாலரைக்குள் மறைந்துவிடுகிறது. லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் சில மணி நேரத்துக்குள் வந்து போகும். பையன் முதலில் கூச்சப்பட்டு, வீட்டுக்குப் போய்க் களா தொழுதிருக்கிறான். இதைக் கேட்டு எனக்குக் கோபம். கோபித்து என்ன பயன்? நேரே கேட்டுப் பார் என்றேன். கேட்டிருக்கிறான். மைஸ்டர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கருவிகள் வைக்கும் அறையின் சாவியைக் காட்டி, “ஐந்து நிமிடமா, ஏழா?” என்றாராம். ஏழு என்றான். “அப்படியானால் இடைவேளையில் ஏழு நிமிடம் குறைத்துக்கொள்.” வாசகர்களே, அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

அவனுக்குக் கொடுத்த ஆய்வுப் பணி, ஓடும் பேரிங்கின் அதிர்வை உணர்கருவியால் அளந்து, பழுது எங்கே என்று கண்டறிவது. வெளிவளையத்தில் கீறல் இருந்தால் ஓர் அதிர்வெண். உள்வளையத்தில் இருந்தால் அதைவிடக் கூடுதலான வேறோர் அதிர்வெண். குண்டிலேயே பழுது என்றால் இன்னொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இதைத் தந்தையிடம் விளக்கிக்கொண்டிருந்தான். மச்சான் முழுவதையும் கேட்டுவிட்டு, “நாங்க ஸ்குரூ டிரைவரைத்தான் வச்சுப் பார்ப்போம்” என்றார்.

“எப்படி அத்தா?”

“நுனியை பேரிங் கூட்டுமேல வை. கைப்பிடியைக் காதுல வை. நல்ல பேரிங் மெதுவா மூச்சு விடும். கெட்டது மணலை மெல்லும். எந்தப் பக்கம் மெல்லுதுன்னு கேட்டா, பம்ப்பைப் பிரிக்காமலே சொல்லிடலாம்.”

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களின் பம்ப்புகளை அவர் 24 ஆண்டுகள் அப்படிக் கேட்டிருக்கிறார். அவருடைய மகனுக்கும் எனக்கும் அன்றுதான் அது தெரியும். சபுராளி ஊருக்கு வந்தால் என்ன கொண்டு வந்தார் என்று கேட்போம். அங்கே என்ன செய்தார் என்று யார் கேட்டோம்?

மறுநாள் பையன் இதை மைஸ்டரிடம் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து, கைப்பிடி தேய்ந்துபோன ஒரு நீண்ட ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தம் காதில் வைத்துக் காட்டினாராம். பயிற்சி முடிவில் கல்லூரிக்கு எழுதும் அறிக்கையில் அதையும் சேர்க்கச் சொன்னது அவர்தான். பயிற்சியாளனுக்கு நிறுவனம் தந்த தொகை மாதம் 1,000 யூரோவுக்குச் சற்று மேல். படிப்பில் கட்டாயமான பயிற்சிக்கு அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. ஆகவே கிடைப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டிலிருந்து மறுபடி ஒரு ரூபாயும் போகவில்லை. நிலத் தரகரிடம் மச்சான் திரும்பப் போகவுமில்லை.

2025 மார்ச் இறுதியில், ரமலானின் கடைசி நாட்களில், பயிற்சி முடிந்தது. ஏப்ரலில் ‘ட்ஸோய்க்னிஸ்’ வந்தது. ஜெர்மனியில் வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளி எவருக்கும் எழுத்துச் சான்று பெறச் சட்டப்படி உரிமை உண்டு. அதைப் பயிற்சி மாணவர்களுக்கும் எழுதித் தருகிறார்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும், பெறுபவனின் பிழைப்பைக் கெடுக்காமலும் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்க்க அவர்கள் ஒரு தனி நடையை வளர்த்திருக்கிறார்கள். ‘எங்கள் திருப்திக்கு வேலை செய்தார்’ என்று எழுதினால் ஒப்புக்குத் தேறினார் என்று பொருளாம். ‘முழுத் திருப்திக்கு’ என்றால் நடுத்தரம். ‘எப்போதும்’ என்ற சொல்லும் சேர்ந்தால் நன்று. இலக்கணமும் பலாகாவும் நடத்தும் எனக்கு இது பெருவிருந்து. மருமகனுக்கு ‘எப்போதும்’ சேர்ந்திருந்தது. அந்த ஆறு மாதத்துக்குக் கல்லூரி 30 மதிப்பலகுகளை வரவு வைத்தது. ஓர் அலகு என்பது 30 மணி நேர உழைப்பு.

அன்று அஸருக்குப் பின் அக்காள் வீட்டுத் திண்ணையில் இதையெல்லாம் மச்சானுக்கு வரி வரியாக விளக்கினேன். என்னென்ன இயந்திரத்தில் வேலை பார்த்தான், எதைக் கற்றான், எப்படிப் பழகினான் என்று இரண்டு பக்கம். கேட்டு முடித்தவர் எழுந்து உள்ளே போனார். ஒரு ரெக்ஸின் பையோடு வந்தார். இகாமா நகல்கள், கேட் பாஸ்கள், ரப்பர் வளையம் போட்ட சம்பளச் சீட்டுகள்.

“தம்பி, நீங்க அரபி படிச்சவங்க. இதுல நான் என்ன வேலை பார்த்தேன்னு எங்கேயாவது எழுதியிருக்கா பாருங்க.”

பார்த்தேன். இகாமாவில் தொழில் என்ற இடத்தில் ‘ஆமில்’ என்று இருந்தது. தொழிலாளி. அவ்வளவுதான். கடைசித் தாள் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த ‘முகாலஸா’. கணக்கு முடிந்தது, இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்னும் விடுதலைப் பத்திரம். அதை எனக்கு முன்பே தெரியும். 2020-இல், அதைக் கையில் வாங்கியவுடன் படம் எடுத்து எனக்குத்தான் அனுப்பினார், “கையெழுத்துப் போடலாமா?” என்று கேட்டார். நான் லுஹருக்கு ஒளு செய்யும் அவசரத்தில் இருந்தேன். தொகையைப் பார்த்தேன், கூட்டல் சரியாக இருந்தது, போடுங்கள் என்று எழுதினேன். வேலைச் சான்று ஒன்றைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தொழிலாளி கேட்டால், சேர்ந்த நாள், விலகிய நாள், தொழில், கடைசிச் சம்பளம் ஆகியவற்றைக் குறித்து இலவசமாகச் சான்று தர வேண்டும் என்று சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 64-ஆம் பிரிவு சொல்கிறது. அதை நான் படித்தது மகனின் ட்ஸோய்க்னிஸைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோது, ஐந்தாண்டு தாமதமாக. ஹரீரியின் சிலேடைகளை அவிழ்க்கத் தெரிந்த எனக்கு அலுவலக அரபியில் ஒரு பக்கம் நிதானமாகப் படிக்க அன்று நேரமில்லை.

ஊருக்குத் திரும்பிய புதிதில், திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் தேவை என்று மச்சான் போய்ப் பார்த்திருக்கிறார். அனுபவச் சான்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றதும் இரவுக் காவலாளி வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேசாமல் திரும்பிவிட்டார். அதையும் அந்தத் திண்ணையில்தான் சொன்னார். அக்காளுக்குக்கூட அதுவரை தெரியாது.

அன்றிரவு தூக்கம் வராமல், மதரஸா வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பைக் கழித்தால் 22 ஆண்டுகள். வாரத்துக்கு 48 மணி. ஏறக்குறைய 55,000 மணி நேரம். மகனுடைய கல்லூரிக் கணக்குப்படி வகுத்தால் 1,800 அலகுக்கு மேல் வருகிறது. அங்கே மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 180 அலகு. கணக்கைக் கிழித்துவிட்டேன், மறுநாள் தலைமை ஆசிரியர் பதிவேட்டைக் கேட்பார்.

மே மாதம் அந்த நிறுவனத்துக்கு அரபியில் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு முறை கைமாறிய நிறுவனம்; இப்போதைய முகவரியைப் பழைய நண்பர் ஒருவர் தேடிக் கொடுத்தார். 64-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, பணியெண், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் எழுதினேன். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று மச்சானைக் கேட்டேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, “பம்ப் ஃபிட்டர்னு எழுதுங்க” என்றார். சற்றுப் பொறுத்து, “பேரிங் வேலையும் தெரியும்னு ஒரு வரி போட முடியுமா?” என்று கேட்டார். போட்டேன். மருமகன் தன் அறிக்கையில் தந்தையின் ஸ்குரூ டிரைவரைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தையும் நகலெடுத்து இணைக்கலாமா என்றாள் அக்காள். சட்டத்துக்கு அது தேவையில்லை. இருந்தாலும் இணைத்தேன்.

பதிவுத் தபாலின் ரசீது என் குர்ஆன் பலகையின் அடியில் இருக்கிறது. மச்சான் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்ப்பார். நான் இன்னும் இல்லை என்று தலையசைப்பேன். நேற்று அவர் கேட்டது வேறு. மகன் ஆய்வேட்டுக்காக மறுபடி அதே தொழிற்சாலைக்குப் போகிறானாம். அந்த மைஸ்டருக்கு நம் ஊரிலிருந்து என்ன கொடுத்தனுப்பலாம் என்று கேட்டார்.